லிஃப்ட் மாப்பிள்ளை

லிஃப்ட் கதவு மூடுகிறது. உள்ளே அவன் மட்டும், கையில் மூலை உடைந்த ஒரு பழைய போன். உச்சி மாடி வரை போவான், இறங்காமல் கீழே வருவான், மறுபடி மேலே போவான். கூட ஏறுகிறவர்கள் "எந்த மாடிங்க?" என்று கேட்டால், "எந்த மாடியும் இல்லீங்க, சும்மா" என்பான். போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னல் செத்துப்போகிற அந்த இரும்புப் பெட்டிக்குள்ளும் சார்ட் வந்து விழுந்துவிட்டால், அதை வரைந்த டூல் தேறிவிட்டது. விழாவிட்டால், "இது சரிப்படாது, வேற பாக்கலாம்" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வருவான்.

எங்கள் ஆபீஸில் வெப்சைட் வடிவமைக்கிறோம். வெறும் எண்களாகக் கிடப்பதைப் பார்த்தவுடன் புரிகிற படமாக்கித் தருவது அதில் ஒரு பெரிய பகுதி. அதற்கென்றே வரையும் டூல்கள் மழைக்கால ஈசல் மாதிரி வந்துகொண்டிருக்கின்றன. எந்தப் பக்கத்துக்கு எந்த டூல் என்று தேர்ந்தெடுப்பது இப்போது இவன் வேலை. இவன் வருவதற்கு முன்னால் அது என் வேலை. இதை நான் சாதாரணமாகச் சொல்வதாக யாராவது நினைத்தால் தப்பு. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

'லிஃப்ட் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்ததே நான்தான். கல்யாணத்துக்கு நிற்கிறவன் மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் நிற்கிறானே என்ற எரிச்சலில் வைத்தேன். பெயர் மட்டும் பிடித்துக்கொண்டார்கள், எரிச்சலை விட்டுவிட்டார்கள். வாசல் காவலாளி முதல் பாஸ் வரைக்கும் "மாப்பிள்ளை வந்தாச்சா?" என்று வாய் நிறையக் கேட்கிறார்கள். அவனும் வெட்கமே இல்லாமல் போனை எடுத்ததும், "மாப்பிள்ளை பேசறேன், சொல்லுங்க" என்கிறான். நான் வைத்த பெயரைக்கூட அவன் சொத்தாக்கிக்கொண்டான்.

ஆளைப் பற்றிச் சொல்கிறேன். மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவான். யாரிடம் பேனா வாங்கினாலும் திருப்பித் தரமாட்டான். அடுத்தவர் தட்டில் பிஸ்கட் இருந்தால், "இது யாருக்கும் வேணாம் போல" என்று அவனே முடிவு செய்து எடுத்துக்கொள்வான். அடக்கம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பான். "நான் தேர்ந்தெடுத்த டூல் இன்னிக்கு வரைக்கும் மண்ணைக் கவ்வினதில்லக்கா" என்று என் முகத்துக்கு நேரேயே சொல்வான். வயிறு எரியுமா எரியாதா?

மத்தியானம் அவன் அம்மா போன் செய்வார். "ஆமாம்மா, படம் போடற வேலைதான். இல்லம்மா, மனுஷங்க படம் இல்ல. கோடு, கட்டம், அந்த மாதிரி. சம்பளம் குடுக்கறாங்கம்மா, நிஜமா." தினமும் இதே பேச்சுதான். அந்த அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

புதிதாக ஒரு வேலை வந்தால் நாங்களெல்லாம் டூல்களின் மாதிரிப் பக்கங்களைத் திறந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். அந்தப் பக்கங்களில் எல்லாமே அழகுதான். எண்கள் ஏறும், இறங்கும், சொல்பேச்சு கேட்கும். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "பொண்ணு பாக்கப் போறப்ப எல்லா வீடும் சுத்தமாத்தான் இருக்கும்" என்பான். பிறகு வாடிக்கையாளரைக் கூப்பிட்டுத் துளைப்பான். "யாருங்க பாக்கப் போறாங்க? எதுல பாப்பாங்க? பாத்துட்டு என்ன பண்ணுவாங்க?" பதில் வந்ததும் அவர்களிடம் இருப்பதிலேயே மோசமான எண்களைக் கேட்டு வாங்குவான். நடுவில் ஒரு நாள் விட்டுப்போயிருக்க வேண்டும், ஒரு இடத்தில் பூஜ்யம் வேண்டும், ஒன்று மட்டும் யானை மாதிரி பெரிதாக இருக்க வேண்டும். அதைப் போட்டும் டூல் தாங்கினால், திரையின் நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டுச் சாம்பலாகப் பார்ப்பான். "கலர் போனாலும் கதை நிக்குதில்ல?" என்பான். கடைசியில்தான் லிஃப்ட்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அவன் ஸ்கூல் படிக்கறப்பவே நான் சார்ட் போட்டவ" என்று வீட்டில் பொருமினேன். என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "தெரியும். நீ ஏன் செய்யறதில்ல?" என்றார். அன்று அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் ரத்த வங்கியின் வேலை வந்தது. எந்த குரூப் ரத்தம் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது, நாளுக்கு நாள் எப்படி ஏறி இறங்குகிறது என்று அவர்கள் வெப்சைட்டில் காட்ட வேண்டும். பாஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் அவங்கவங்களுக்குப் பிடிச்ச டூல்ல ஒரு பக்கம் செய்யுங்க. ரத்த வங்கிக்காரங்க எதை எடுக்கறாங்களோ, அதைச் செஞ்சவங்கதான் சார்ட் வேலைக்குன்னு ஆரம்பிக்கற புது டீமுக்குத் தலைமை" என்றார். அந்தத் தலைமைக்காக நான் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறேன் என்று ஆபீஸ் சுவருக்குக்கூடத் தெரியும்.

அவன் கட்டை கட்டையாக நிற்கும் சார்ட் போட்டான். பார்த்தால் சாதாரணம். நான் தேர்ந்தெடுத்த டூலில் கோடுகள் ஓடைத் தண்ணீர் மாதிரி வளைந்து வளைந்து போகும், தொட்டால் மின்னும். மாதிரிப் பக்கத்தைப் பார்த்ததுமே மனசு போய்விட்டது. அவன் என் பின்னால் வந்து நின்றான். "அக்கா, அவங்க நிஜ எண்ணைப் போட்டுப் பாத்தீங்களா?"

"உன் வேலையப் பாரு தம்பி" என்றேன். அவன் என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு போனான்.

காட்ட வேண்டிய நாளில் ரத்த வங்கி டாக்டரம்மா வந்தார். அவனுடையதைப் பார்த்து, "நல்லா தெளிவா இருக்கு" என்றார். அடுத்து நான் எழுந்து என்னுடையதை புரொஜெக்டர் வழியாகப் பெரிய திரையில் போட்டேன். அவர்களுடைய நிஜ எண்கள் அதில் முதல் முறையாக ஓடின. டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. நானும் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனேன். பேச்சின் நடுவே திரையின் கீழ்மூலையைப் பார்த்தேன்.

அரிதாகக் கிடைக்கிற ஒரு குரூப் இரண்டு நாள் சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. கையிருப்பு பூஜ்யம். ஆனால் என் டூல் புள்ளிகளை அழகாக வளைத்துச் சேர்க்கும் டூல் அல்லவா? வளைவு நளினமாக வரவேண்டும் என்று கோடு பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, அங்கே ஒரு குழி போட்டுவிட்டு மேலே ஏறியிருந்தது. ஒன்றுமே இல்லை என்பதற்கும் கீழே ரத்தம்! உலகத்தில் எந்த வங்கியிலும் இல்லாத ரத்தம். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார்.

அவன் எழுந்தான். "வெளிச்சம் அடிக்குது மேடம், ஜன்னல் சீலையை இழுத்து விடறேன்" என்று பெரிய திரையை ஒட்டியிருந்த ஜன்னலுக்கு நடந்தான். சீலையை இழுத்துவிட்டு, திரையின் அந்தக் கீழ்மூலைக்கு முன்னாலேயே நின்றுகொண்டான். என் கோட்டின் குழி முழுக்க அவன் வெள்ளைச் சட்டையில் விழுந்து நெளிந்தது. கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாதவன் மாதிரி என்னைப் பார்த்தான். நான் எப்படியோ பேசி முடித்தேன்.

"இதுதான் கண்ணை இழுக்குது. சின்னப் பசங்க ரத்தம் குடுக்க வரணும்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. பாஸ் அங்கேயே எனக்குக் கை கொடுத்தார்.

டாக்டரம்மா கிளம்பியதும் வராந்தாவில் அவனை மடக்கினேன்.

"பாத்துட்ட இல்ல?"

"எதக்கா?"

"நடிக்காத. ஏன் மறைச்ச?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்க. பேசறப்ப குறுக்க வரக்கூடாதில்ல?" சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "கோட்டை வளைக்காம நேரா இழுக்கற வழி அதே டூல்லயே இருக்கு. மாத்திட்டு டாக்டரம்மாகிட்ட ஒருதடவை காட்டிட்டுத்தான் சைட்டை வெளிய விடணும். அழகு கொஞ்சம் குறைஞ்சாலும் பரவால்ல. நீங்க மாத்தலேன்னா நானே அவங்களுக்கு போன் பண்ணிடுவேன், ஆமா."

அன்றே மாற்றினேன். டூலுக்குக் கொடுத்திருந்த கட்டளையில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதுமாக இருந்தது. டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லிக் காட்டினேன். "நேராவும் நல்லாத்தான் இருக்கு, இதையே வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பாஸிடமும் சொன்னேன். "சரி பண்ணியாச்சில்ல, விடுங்க" என்று அவரும் போய்விட்டார். நன்றி வந்ததா என்று கேட்காதீர்கள். பொறாமைதான் வந்தது, முன்னைவிட இரண்டு மடங்காக. தோற்றிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வேலையில்தான் கெட்டிக்காரன் என்று திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நல்லவன் வேறு! இவனை எந்தப் பக்கம் வைத்துத் திட்டுவது?

போன வாரம் என் தலைமையில் டீமின் முதல் கூட்டம். எந்த பஸ் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று காட்டும் பக்கம் ஒன்று செய்ய வேண்டும். பஸ் கம்பெனி தந்த அலங்கோலமான எண்களை மூன்று டூல்களில் நானே போட்டுப் பார்த்திருந்தேன். மூன்றையும் திரையில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினேன். டீமில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் அவன் பக்கம் இருந்தது. "மாப்பிள்ளை, எதுப்பா?" என்று ஒரு குரல் வேறு.

அவன் நிமிர்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வேறு வழியில்லாமல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.