ரெண்டு கேசட்டும் ஒரு இருமலும்

பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்கும் அவருக்கும் சண்டை. எங்களைத் தனியாகப் பேசவிட்டதே தப்பு. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் பிடித்தது ஒரே சிம்பொனி. அதன் மூன்றாவது பகுதியை அழாமல் கேட்க முடியாது என்பதிலும் ஒத்துப்போனோம். எந்தப் பதிவு உசத்தி என்பதில்தான் தகராறு.

வடக்கனந்தலில் எங்கள் அப்பா சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவருடைய கேசட்டில் வயலின்கள் அவ்வளவு நிதானமாக, ஆழமாக இறங்கும். அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். நான் பெருமையாகச் சொல்லி முடித்ததும், "என்னுது விறுவிறுன்னு போவும். உங்களுது தூங்கி வழியும் போலிருக்கே" என்றார் மாப்பிள்ளை. கொழுப்பைப் பாருங்கள்! ஆனாலும் சம்மதம் என்றுதான் சொன்னேன்.

கல்யாணம் முடிந்து கச்சிராயபாளையம் வந்தேன். பெட்டியில் புடவைகளுக்கு நடுவே அப்பா கொடுத்தனுப்பிய அந்தக் கேசட். வந்த மூன்றாம் நாள், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, அவருக்கு ஆபீசும் இல்லை. "இன்னிக்கு முடிவு பண்ணிடலாம்" என்றார். சினிமாப் பாட்டு பதிய கேசட் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த என் நாத்தனார்தான் நடுவர். தோற்ற கேசட் அவளுக்கு. அதன் மேலேயே பாட்டைப் பதிந்துகொள்வாள். வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன். அப்பாவிடம் இருந்தது அது ஒன்றுதான்.

முதலில் அவருடையது. வேகம்தான். நன்றாகவும் இருந்தது, நான் ஏன் அதைச் சொல்லப்போகிறேன்? மூன்றாவது பகுதியின் நடுவில், கச்சேரி கேட்க வந்த யாரோ 'லொக்' என்று இருமினார்கள். அடுத்து என்னுடையதைப் போட்டார். அதே வேகம். அதே இடத்தில் அதே இருமல்.

"ஐயோ, இது எங்க அப்பாவுது இல்லீங்க!" என்று கத்தினேன்.

"இன்னா அண்ணி, ரெண்டும் ஒன்னுதானா?" என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். விசாரித்தால், இரண்டுமே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரே கடையில் பதிந்தவை.

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்க வூட்ல டேப்பைக் கரண்டுல போடுவீங்களா, செல்லுலயா?"

இங்கே கரண்டு; எங்கள் வீட்டில் பேட்டரி செல்தான். தீர்ந்துபோன செல்லை ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் போடுவார் அப்பா. சக்தி கம்மியானால் டேப் மெதுவாகத்தானே சுற்றும்! நான் உயிராக நினைத்த அந்த நிதானத்தை எந்த வாத்தியக்காரரும் வாசித்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் எழுந்தார். வீட்டிலிருந்த டார்ச்லைட்டுகளைக் கழற்றி, மங்கிப்போன செல்களைப் பொறுக்கி டேப்பில் போட்டு, என் கேசட்டை வைத்தார். வயலின்கள் மெல்ல இறங்கின, எங்கள் வீட்டில் இறங்குவதுபோலவே. அந்த இருமல்கூட எருமை கனைத்ததுபோல வந்தது. நானும் நாத்தனாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் தன் கேசட்டை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார்.

"இந்தா, பாட்டு பதிஞ்சிக்கோ. அண்ணியோட அப்பாதான் ஜெயிச்சாரு."