உப்புத் தண்ணீரில் போட்ட கன்னம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். மலாக்கா டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அட்டெண்டராக வேலை பார்த்தேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் கண்ணால் பார்த்துப் பார்த்தே நிறையத் தெரிந்துகொண்டிருந்தேன். ஆப்பரேஷன் அறையிலிருந்து வரும் துண்டைப் பார்த்ததும் இது தசை, இது கொழுப்பு, இது உள்தோல் என்று சொல்லிவிடுவேன். புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர்மார் என்னை 'அரை டாக்டர்' என்பார்கள். கிண்டல்தான், நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் டவுனை ஒட்டிய காஜா பேராங்கிலிருந்து, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் மலாக்கா செட்டி வகையறாவைச் சேர்ந்த ஓர் அம்மாள் வந்தார். சின்ன இறாலை உப்பில் ஊறப்போட்டுச் சிஞ்சாலோக் செய்து விற்பவர். வெற்றிலையை எப்போதும் இடது கன்னத்தில்தான் அடக்குவார். அங்கே ஒரு வெள்ளைத் திட்டு. சுண்ணாம்பு பட்டு வெந்தது என்று ஒரு வருஷமாகச் சும்மா இருந்துவிட்டார். டாக்டர் துரை துடைத்துப் பார்த்தார், போகவில்லை. புற்றுநோயா, அதற்கு முந்தின நிலையா என்று தெரிய, மொச்சைக் கொட்டை அளவு வெட்டியெடுத்துக் கோலாலம்பூர் லேபுக்கு அனுப்பச் சொன்னார்.

புட்டியில் போட்டு அனுப்புவது என் வேலை. அன்றைக்கு, துண்டு கெடாமல் இருக்க ஊற்றும் பார்மலின் தீர்ந்திருந்தது. ஸ்டோர் சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. யாரையும் கேட்க மனசில்லை. இறாலே உப்பில் மாதக்கணக்கில் இருக்கிறது, இது ரெண்டு நாள் தாங்காதா என்று உப்பைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி அனுப்பிவிட்டேன். உள்ளுக்குள் பெருமைகூட.

பத்து நாளில் கடிதம் வந்தது. செல்களெல்லாம் சுருங்கிச் சிதைந்து கிடக்கின்றன, எதுவும் சொல்வதற்கில்லை, வேறு துண்டு வேண்டும் என்று. பஸ்ஸில் சூடுபட்டுக் கெட்டிருக்கும் என்று துரை வெயிலைத் திட்டினார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் பழி வெயிலோடு போயிருக்கும். ஆனால் முதல் வெட்டின் வலியில், இனிமேல் கத்திக்கு வாய் திறக்கமாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனது என் காதிலேயே இருந்தது. அவர் வராவிட்டால் அந்தத் திட்டு என்னவென்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். துரையிடம் உண்மையைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு காஜா பேராங்குக்குப் போனேன்.

அவர் ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய்தான். நடுநடுவே ஒரு தமிழ் வார்த்தை எட்டிப் பார்க்கும். நானும் மலாயிலேயே, உப்பு விஷயம் உட்பட ஒன்று விடாமல் சொன்னேன்.

"என் கன்னத்தைச் சிஞ்சாலோக் போட்டுட்டியா, அடேக்?" என்றார். தம்பியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சிரிப்பு வந்து, புண் இழுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே ஜாடிகளை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அதற்குத் துரையின் திட்டே தேவலை.

கடைசியில் சொன்னார்: "வெட்டட்டும். ஆனா பஸ்ஸுல தனியா அனுப்பாதே. உன் மடியில வச்சுக் கொண்டு போ."

அப்படியே கொண்டு போனேன், புட்டி நிறையப் பார்மலினோடு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஊறுகாயா என்று கேட்டார். இல்லை, ஓர் அக்காவின் கன்னம் என்றேன். மனிதர் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

லேப்காரர் முதலில் கடிந்துகொண்டார். பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நல்ல கன்னத்தின் உள்தோலில் செல்கள் பாய்மேல் பாய் விரித்தது போல அடுக்கடுக்காக இருந்தன. என் உப்புத் துண்டில் பாயும் இல்லை, அடுக்கும் இல்லை, குழைந்த கஞ்சி. அரை டாக்டர் அங்கேயே முடிந்தான்.

அடுத்த கடிதத்தில் பதில் வந்தது. செல்கள் தாறுமாறாக வளர ஆரம்பித்திருந்தன. ஆனால் அடிப்பாயைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை, அதாவது இன்னும் புற்றாகவில்லை. துரை அந்தத் திட்டை முழுசாக எடுத்தார். அம்மாள் வெற்றிலையை விட்டார், வியாபாரத்தை விடவில்லை. பல வருஷம், என்னைக் கண்டால் போதும், ஒரு கரண்டி சிஞ்சாலோக்கை நீட்டி, உப்பு சரியா பார் என்பார்.

இன்றைக்கும் எனக்கு எல்லாம் தெரியும் என்று வாயெடுக்கும்போது அந்தப் புட்டி என் மடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடனே பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுகிறேன்.