அக்காவின் சுவாதி நகர்ந்தது

அக்காவுக்கு வந்த முதல் சம்பந்தத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். எனக்கு அப்போது ஐந்தாவது முடிந்த லீவு.

அக்கா அரியலூரில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். திருச்சிக்குப் போய் மேலே படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த அப்பாவோ, "தா.பழூர் எடம் அமஞ்சா கல்யாணம், தட்டிப்போனா படி" என்று முடித்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரியில் அவளுக்கு ஒரு ப்ராஜெக்ட். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அட்டவணையில் நட்சத்திரங்கள் எங்கே இருந்தன, புது அட்டவணையில் எங்கே இருக்கின்றன என்று ஒப்பிட வேண்டும். நான் பழைய புத்தகத்தைப் பார்த்து எண்களை வாசிப்பேன், அவள் லேப்டாப்பில் தட்டுவாள். ஒரு எண் பிசகினாலும் தலையில் நங்கென்று குட்டு விழும். பூமியின் அச்சு மெல்ல ஆடுவதற்கான திருத்தம் போட்டதும் எல்லாம் ஒத்துப்போயின, சுவாதியைத் தவிர. நான் குட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தேன்.

"நீ சரியாத்தான்டி படிச்ச. அது நெசமாவே நகருது. நமக்குக் கிட்டக்க இருக்கு, வேகமாவும் போவுது, அதான் தெரியுது" என்றாள். சுவாதி அவளுடைய ஜென்ம நட்சத்திரம் வேறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தா.பழூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பொருத்தமெல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. பேச்சுக்குத்தான் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு சுவாதி தானுங்களே?" என்று கேட்டார். வாயில் கேசரியோடு நான் முந்திக்கொண்டேன்.

"சுவாதி இப்ப பழைய எடத்துல இல்லீங்க. அக்கா கணக்குப் போட்டுப் பாத்துட்டா."

மாப்பிள்ளையின் தாய்மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நாம பாத்த பொருத்தம்?"

அப்பா வெலவெலத்துப்போய் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, நெசமா?"

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எப்படி நிற்க வேண்டுமோ அப்படியே தலையைக் குனிந்தபடி அக்கா, "ஆமாப்பா, நகந்துதான் இருக்கு" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜோசியரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனவர்கள் சொல்லவே இல்லை. அம்மா என் முதுகைப் பழுக்க வைத்தாள். லீவு முடிந்த கையோடு அக்கா திருச்சிக்குக் கிளம்பினாள். ஏறுமுன் பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு கோன் ஐஸ் வாங்கித் தந்தாள். சம்பந்தம் போன துக்கத்திலும் தங்கைமேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஐம்பது வருஷத்தில் சுவாதி நகர்ந்தது நிலாவின் அகலத்தில் ஒரு சின்னக் கீற்றுதான். அதனால் யாருடைய ஜாதகமும் மாறாது. இதெல்லாம் அவளுக்கு அன்றைக்கே தெரியும். ஒரு எண் பிசகினாலே குட்டுகிறவள் அன்று என்னை ஏன் திருத்தாமல் விட்டாள் என்று, ஐஸ் உருகி முழங்கைவரை வழிந்தபோதும், எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.