ஹூக் மட்டும்தான் பாக்கி

“...அதான் ஹூக் மட்டும்தானே பாக்கிங்கற, அத நானே வெச்சுக்கறேன் தங்கச்சி. ஜாக்கெட்ட குடு, நாலு மணி பஸ்ஸ புடிக்கணும்” என்று சொல்லி, கிள்ளையிலிருந்து வருகிற அக்கா என் தையல் மேசைக்கு மேல் கையை நீட்டிவிட்டார்.

நீட்டிய கையில் வைக்க என்னிடம் ஜாக்கெட் இல்லை. மறுநாள் காலையில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாம்பழ நிறப் பட்டுத்துணியும் அளவு ஜாக்கெட்டும் பத்து நாளைக்கு முன்னால் அவர் முடிச்சுப் போட்டுக் கொடுத்தபடியே என் காலடியில் ஒரு பைக்குள் கிடந்தன. துணியில் கத்தரியே படவில்லை.

‘ஹூக் மட்டும்தான் பாக்கி’ என்பது லேடீஸ் டெய்லர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சு. ஒரு கை மட்டும் தைத்திருந்தாலும் அதுதான் சொல்வோம், துணியை வெட்டவே இல்லையென்றாலும் அதுதான். கேட்கிறவர்களுக்கும் பாதி தெரியும். “சரி, நாளைக்கு வரேன்” என்று போய்விடுவார்கள். நான் கடை வைத்த இத்தனை வருஷத்தில், அந்த ஹூக்கை நானே வைத்துக்கொள்கிறேன் என்று கை நீட்டியவர் இவர் ஒருவர்தான்.

என் கடை சிதம்பரத்தில், வீடு கடலூரில். கல்யாணமாகிக் கடலூருக்குப் போனேன். வாடிக்கைக்காரர்களை விட மனசில்லாமல் கடையை இங்கேயே வைத்துக்கொண்டேன். காலையில் பஸ்ஸில் ஏறியதிலிருந்து யாருக்கு என்ன பாக்கி என்று தலைக்குள் ஓடும். கை சும்மா இருக்காது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் டிக்கெட்டைக் கொசுவம் மாதிரி மடித்து, பிரித்து, மறுபடி மடித்திருப்பேன். “அக்கா, நீங்க தூங்குனாலும் உங்க கை தூங்க மாட்டுது” என்று ஒரு கண்டக்டர் சொன்னார். அழகாகச் சொன்னாரே என்று அன்று முழுக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

எனக்கு மனுஷர்கள் பேச்சு என்றால் உயிர். துணியோடு வருகிறவள் சும்மா வரமாட்டாள், ஒரு கதையோடுதான் வருவாள். மாமியார் பேசுவதில்லை, நாத்தனாருக்கு வளைகாப்பு, தம்பி துபாயிலிருந்து வருகிறான். அதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “எனக்கு நேரமில்லை, வேறு கடை பாருங்கள்” என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த தெருக் கடைக்குப் போவார்கள். போனால் திரும்பி வருவார்களா? அந்தப் பயமும் உண்டு.

ஓரம் தைக்க ஒரு பெண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் தைத்ததையெல்லாம் நான் பிரித்துத் தைத்தேன். “பிரிக்கறதுதான் உங்களுக்கு வேலைன்னா, தைக்கறதுக்கு நான் எதுக்குக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். நியாயமான கேள்வி.

அப்புறம் வலது கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. கத்தரி தானாக நழுவி விழும். டாக்டர் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். “கைக்குக் குடுத்துட்டா வாய்க்கு யாரு சார் குடுப்பாங்க?” என்றேன். அவரும் சிரித்துவிட்டார், சீட்டு எழுதிக் கொடுத்தார், நான் நேராகக் கடைக்கு வந்தேன்.

ஞாயிறு விடுமுறை என்று ஒரு போர்டு மாட்டினேன். மாட்டிய கையோடு, அவசரத்துக்கு என்று அதன் கீழே என் போன் நம்பரையும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் அவசரம் வந்தது. அப்படி ஒரு ஞாயிறு வீட்டுக்காரரோடு திருவந்திபுரம் போயிருந்தேன். கோயில் வரிசையில் முன்னால் நின்ற பெண் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். “கடைக்கு வரணும்னு இருந்தேன், இங்கயே அளவு எடுத்துக்கோயேன்” என்றாள். நான் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன். ஓரமாகப் போய்த் தோள், கை, சுற்றளவு எல்லாம் எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பினால் திரை போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் தரிசனம் முடிந்து வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் திட்டவில்லை. “வீட்ட லாட்ஜு மாதிரி வெச்சிருக்கன்னு நெனச்சேன். இல்ல, லாட்ஜுல இருக்கறவங்களாவது ஒரு நாள் ரூம்ல தங்குவாங்க” என்றார். நான் ஊர் வந்து சேரும்வரை கோயிலில் எழுதிய அளவு சரிதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் சேர்ந்துதான் கிள்ளை அக்காவின் நீட்டிய கைக்கு முன்னால் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது. இன்னொரு பொய் வாய்வரை வந்தது, தைக்கிற பெண் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள் என்று. அந்தக் கை இறங்கவே இல்லை. படகுத்துறைப் பக்கம் டீக்கடை நடத்துகிறவர், சூடு பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கை.

“இன்னும் வெட்டலக்கா.”

காலடியிலிருந்த பையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் திறந்து பார்த்தார். “முடிச்சு நான் போட்டதுதான்” என்றார். அப்புறம், “எம் பொண்ணு காலைல சபைல என்னத்த போட்டுக்கிட்டு உக்காரும்?”

நான் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

“அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா அடுத்த தெருவுல குடுத்திருப்பேன்ல?”

“அதுக்குத்தாங்க்கா சொல்லல.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பாரோ, அழுவாரோ, கத்துவாரோ என்று எனக்குத் தெரியவில்லை. “உண்மைய சொல்லு, இத வெட்டித் தைக்க எவ்ளோ நேரம் ஆவும்?”

“யாரும் கூப்புடாம இருந்தா மூணு மணி நேரம்.”

“யாரும் கூப்புடாம எப்ப இருந்துது?”

அதற்குள் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள், கையில் பை. “அக்கா, நம்மளுது ஆயிடுச்சா?”

பழக்கதோஷம், அதே சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்வதற்குள் கிள்ளை அக்கா அவர்கள் பக்கம் திரும்பினார்.

“எந்த ஊரும்மா நீங்க?”

“கீரப்பாளையம்.”

“நான் கிள்ளை. இந்தம்மா கடலூரு. எல்லாருமே பஸ் ஏறித்தான் வரோம். இன்னிக்கு இங்க ஒரே ஒரு ஜாக்கெட்டுதான். நீங்க திங்கக்கெழம வாங்க.”

“அத கடைக்காரங்க சொல்லட்டுமே” என்றாள் ஒருத்தி.

“கடைக்காரங்களுக்கு அது சொல்ல வராது” என்றார் அக்கா. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் முடிச்சை அவிழ்த்துத் துணியை மேசைமேல் விரித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

அவர்கள் நகர்ந்ததும் கிள்ளை அக்கா எக்கி ஷட்டரின் கொக்கியைப் பிடித்து, முழங்கால் உயரம்வரை கீழே இழுத்தார். வாடிக்கைக்காரர்களுக்கு என்று போட்டிருந்த ஸ்டூலை நகர்த்தி உள்பக்கமாக அதற்கு முன்னால் வைத்து, வெளிச்சத்தை எனக்கு மறைக்காதபடி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.