இரண்டு குதிகால்கள்

புதிதாகக் கிண்டிய களிம்பை முதலில் தன் முழங்கையின் உட்புறத்தில் தடவிவிட்டுத்தான் அவர் தேநீரைத் தொடுவார். தேநீர் ஆறும்வரை தோல் சிவக்கிறதா என்று பார்ப்பார். மருத்துவமனைச் சலவையறையை ஒட்டிய சின்ன அறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். இலைச்சாறு நகக்கண்ணில் ஏறி விரல்கள் எந்நேரமும் பச்சை. வார்டில் எல்லாருக்கும் அவர் ‘பச்சைக்கை அக்கா’. “நான் சாப்பிடறப்ப மட்டும் பார்க்காதீங்க, உங்க பசி போயிடும்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் குதிகாலில் மெத்தை அழுந்தி வரும் புண்ணுக்கு ஒரு மூலிகைக் களிம்பு. ஆறு வருடமாக இதுதான் வேலை. போன வருடம் சோதனை முடிவு வந்தது. இலை சேர்ந்த பச்சைக் களிம்பு போட்ட புண்கள் மளமளவென்று ஆறியிருந்தன; இலை சேராத வெள்ளைக் களிம்பு போட்டவை பின்தங்கின. வார்டு முழுக்க இனிப்பு.

அப்போது மூத்த நர்ஸ் பெருமையாகச் சொன்னார்: “பச்சை மருந்துன்னா நான் புண்ணை இன்னொரு தடவை கழுவித் தொடைச்சுட்டுத்தான் போடுவேன்க்கா. நல்ல மருந்தாச்சே, வீணாகலாமா?”

அக்கா வாயருகே கொண்டுபோன இனிப்பைக் கீழே வைத்துவிட்டார். புண்ணை ஆற்றியது இலையா, அந்த இன்னொரு கழுவலா?

“வந்த பேரை நீங்களே கெடுத்துக்கறீங்களேம்மா” என்றார் தலைமை மருத்துவர்.

“நர்ஸம்மா கையை டப்பாவுல அடைச்சு விக்க முடியாதே சார்.”

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை இலையில்லாத களிம்புக்கும் அதே பச்சை, அதே வாசனை. அதை வரவழைக்கவே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு குதிகாலுக்கு ஒன்று, மறு குதிகாலுக்கு மற்றது. எது எதுவென்று அலுவலக எழுத்தர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரோ மழை பெய்கிறதா என்று கேட்டாலே யோசித்துப் பதில் சொல்லும் ஆசாமி.

சன்னலோரக் கட்டிலில் அக்காவின் சொந்த அண்ணன். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர். இரண்டு குதிகாலிலும் புண். சோதனையில் அவரே பெயர் கொடுத்துச் சேர்ந்தார். இப்போது வலதுகால் ஆறி வருகிறது. இடதுகால் மோசமாகவில்லை, ஆனால் அப்படியே இருக்கிறது.

நேற்று மாலை அக்கா பார்க்கப் போனபோது அண்ணன் பிடித்துக்கொண்டார். “வலதுக்குப் போடறதையே இதுக்கும் போட்டுத் தொலையேன். கூடப் பொறந்தவன்கிட்டயுமா கறார்?”

“எது நல்லதுன்னு எனக்கே தெரியாதுண்ணே.”

“தெரியாமலா ஆறு வருஷம் அரைச்சே? உன் அம்மிக்கல்லு இந்நேரம் டாக்டர் ஆயிருக்கும்.”

அக்கா சிரித்துவிட்டார். ஆனால் கண் இடதுகாலை விட்டு நகரவில்லை. வலதுகாலுக்கான களிம்பு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை நீண்டது, டப்பாவைத் தாண்டிப் போய்ப் போர்வையை விலக்கியது. மெத்தையில் அழுந்தாதபடி இடது குதிகாலை மெல்லத் தூக்கி உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். இதுவும் இன்னொரு கழுவல்தானே என்று தோன்றியது. பிறகு மற்றக் கையால் வலது குதிகாலையும் தூக்கினார், அதே உயரத்துக்கு.