கண்டக்டரின் ஒரே குத்து

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஒல்லியான உடம்பு, உதட்டில் எப்போதும் விசில். பஸ் கிளம்பும்வரை, தினமும் அதில் போகும் நானும் அவரும் அவரவர் செல்போனில் எதிரெதிராகச் சண்டை கேம் ஆடுவோம். வீட்டில் வெறிபிடித்தவன்போல ஆடிப் பழகிவிட்டு வந்து, நான் அவருடைய ஆள்மீது உதையும் குத்துமாகப் பாய்வேன். அவர் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். திடீரென்று ஒரே ஒரு குத்து. என் ஆளின் தாடை தெறிக்கும். அந்த நொடியில் அவரை அறியாமல் விசில் 'பீப்' என்னும். பிறகு இரண்டடி விலகி, என் ஆள் எழும்வரை காத்திருப்பார்.

"இன்னாங்க, ஒரே குத்த வெச்சிகினு எப்பிடி ஜெயிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"உங்க அடி தவறணுங்க. தவறின கைய நீங்க இழுத்துக்கறதுக்குள்ள நான் உள்ள பூந்துடணும். அத மட்டுந்தான் தெனம் பழகுறேன்."

ஒருநாள் மலைப்பாதையில், டிக்கெட் கேட்டதற்காகக் குடிகாரன் ஒருவன் அவர் முகத்தைப் பார்த்துக் குத்தினான். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். குத்து இரும்புக் கம்பியில் விழுந்து விரல் நொறுங்கியது. அவன் கையை இழுப்பதற்குள் விசில் 'பீப்' என்றது. அவனுடைய பல்லும் ரத்தமும் என் சட்டையில் தெறித்தன. மல்லாந்து விழுந்தான்.

விசில் சத்தம் கேட்ட டிரைவர் வளைவிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார். கண்டக்டர் இரண்டடி விலகி நின்றார்.

"எந்திரிங்க," என்றார்.

அவன் எழவில்லை.

"எந்திரிங்க."

கண்டக்டரின் முகத்தில் கோபம் இருந்ததா என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இல்லை. காத்திருந்தார், அவ்வளவுதான்.