முயல் பிடிக்கப் போன பை

முயல் பிடிக்கப் போகிறவன் சீப்பு எடுத்துக்கொண்டு போவானா? நான் போனேன். பவுடரும் கூடவே.

தோல் ஷாப்பில் வேலை பார்த்த பாயோடு ஆத்தூர்க் கரட்டுக் குன்றுக்குப் போன நாள் அது. ஒடிசலான ஆள், அகலமான பச்சை பெல்ட், மருதாணித் தாடி. தீப்பெட்டி, உப்பு, கத்தி, கண்ணிக் கயிறு, அவ்வளவுதான் அவர் பை. எப்போதும் தாமே கட்டி, மேலே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார். அன்று மட்டும் கட்டும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்.

காலையிலிருந்து இருவருக்கும் பச்சைத் தண்ணீர்தான். பொழுது சாய்கையில் கண்ணியில் ஒரு முயல் கழுத்து இறுகித் துடித்தது. உயிர் போவதற்குள் பிஸ்மி சொல்லி அறுத்தாக வேண்டும். செத்துவிட்டால் பாய் தொடமாட்டார்.

"சுருக்கை இளக்கிட்டுக் கெட்டியாப் பிடி அப்பு! கத்தி எங்க?"

"பையிலதான் பாய்!"

பையைக் கவிழ்த்தார். தீப்பெட்டி விழுந்தது, உப்பு விழுந்தது, பவுடர் டப்பா விழுந்தது, சீப்பு விழுந்தது. கத்தி விழவில்லை. நேற்றுத் தீட்டிய கத்தி வீட்டு ஜன்னலிலேயே இருப்பது அப்போதுதான் உறைத்தது. அந்தத் திடுக்கிடலில் என் பிடி நழுவ, முயல் எகிறிப் புதருக்குள் மறைந்தது.

பாய் திட்டவில்லை. தாடியை நீவியபடி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததென்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

"இப்ப என்னத்தைத் திங்கிறது பாய்?" என்றேன்.

"சீப்பைத் தின்னு."